கோட்டின் மேல் ஒரு பந்து

கால்பந்து ரசிகர், நாரணாபுரம்.

கேள்வி: ஜப்பான் வீரர் மிதோமாவை எங்கள் ஊர்ப் பையன்கள்கூட செல்போனில் கொண்டாடுகிறார்கள். நம் நாட்டு வீரர் யாருக்காவது இணையத்தில் அப்படியொரு மவுசு இருந்ததுண்டா?

பதில்: உண்டு அண்ணாச்சி! மிதோமாவைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது ஒரு புகைப்படம். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுடன் ஆட்டம். பந்து வெளியே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த நொடியில் காலை நீட்டி உள்ளே திருப்பினார், சக வீரர் டனாகா கோலாக்கினார். மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் விளிம்பு மயிரிழை அளவு கோட்டின் மேல் இருந்தது! மிதோமா பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதியதே பந்தைக் கடத்திப்போகும் கலை பற்றித்தான்.

நம்மவர் சுனில் சேத்ரி. 2018 ஜூன் 1, மும்பை. சீன தைபேயை 5-0 என்று வென்றோம், ஹாட்ரிக் அவருடையது. வந்தவர்கள் 2,569 பேர். சிவகாசி பங்குனிப் பொங்கலில் ராட்டினத்துக்கு நிற்கிற கூட்டமே அதைவிடப் பெரிது! மறுநாள் வீடியோவில் பேசினார். திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சினார். கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கோலி பகிர்ந்தார், டெண்டுல்கர் குரல் கொடுத்தார், திரி பற்றிக்கொண்டது. ஜூன் 4, கென்யாவுடன் அவருடைய 100-வது ஆட்டம். டிக்கெட் அத்தனையும் காலி. மழையில் நனைந்துகொண்டே ஜனம் பார்த்தது. அவரும் இரண்டு கோல் போட்டார்.

அதே சேத்ரியோடு பெங்களூரு அணியில் ஆடியவர், நம் பக்கத்துக் கண்டனூர்ப் பையன் சிவசக்தி. அவருடைய ஆட்டத்தையும் பையன்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்!