கப் நமக்குத்தான் மச்சான்!

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து நவம்பரில்தான் தொடங்கும். அதற்கு முன்பே நிருபர்கள் வாக்களித்து முதல் 25 அணிகளை வரிசைப்படுத்திவிடுவார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கு அந்த வேலையை டீக்கடையே பார்த்துக்கொள்கிறது.

“இந்த வருஷம் ஜோன்ல கப் நமக்குத்தான் மச்சான்!”

ஆதாரம்? முதலாண்டில் ஆறடி இரண்டு அங்குலத்தில் ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். பந்தைத் தொட்டதுண்டா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. மீதியை நம்பிக்கை எட்டிப்பிடிக்கும்.

பயிற்சி நாலரைக்கு. காலேஜ் பஸ் கிளம்புவது நாலு மணிக்கு. பஸ்ஸை விட்டவர்கள் சென்ட்ரல் லோக்கலைப் பிடிக்க வேண்டும் என்பதால் வார்ம்-அப் முழுக்க ஸ்டேஷனை நோக்கிய ஓட்டம்தான். ஒரு விதத்தில் நல்ல பயிற்சி. கோர்ட்டிலோ சிப்காட் லாரிகள் கிளப்பிய புழுதி. வளையத்தில் வலையின் நாலு நூல் மட்டும் ஆடுகிறது. கேப்டனுக்கு எம்-3 கணக்கில் அரியர், போட்டியன்றுதான் பரீட்சை.

ஃப்ளெக்ஸ் மட்டும் தயார். சேர்மன் படம் பெரிதாக, பந்து சின்னதாக.

பி.டி. சார் வாயைத் திறப்பதில்லை. அவர் கேட்டது ஆறு பந்து. கையெழுத்தாகி வந்தது ஒன்று. அதுவும் வாலிபால்.