மூணரைக் கிலோ, மூணு வயசு

மடிப்பாக்கத்தில் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவரின் மனைவி, சமையலறை எலிகளுக்காக ஒரு பூனை கேட்டிருந்தார். வந்து சேர்ந்தவள் ராசாத்தி. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை என்று மூன்று நிறம். அப்படி இருந்தால் அநேகமாகப் பெண்தான். வால் கிடையாது. எலி வந்தால் ஒதுங்கி வழிவிடுவாள். தானாக மூத்திரம் போகவும் வராது.

“ஒரே ஒரு வாரம் வச்சிருங்க ஆன்ட்டி, வேற வீடு பாத்துடறேன்” என்று சொல்லித்தான் அவளைக் கொண்டுவந்த தன்னார்வலர் பெண் கூடையை இறக்கினாள். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பாவம், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான். ஏதோ ஒரு வண்டிச் சக்கரம் வாலில் ஏறியிருக்கிறது. பூனை பயத்தில் முன்னால் பாயும், வால் பின்னால் மாட்டிக்கொள்ளும். அந்த இழுப்பில், முதுகுத்தண்டின் கடைசியிலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகள் நைந்துவிடும். வாலின் அடியில் கிள்ளினால் உணர்வு தெரிகிற பூனை பெரும்பாலும் தேறிவிடும். சுமார் ஒரு மாதத்துக்குள் மூத்திரக் கட்டுப்பாடு திரும்பாவிட்டால் நம்பிக்கை குறைவு. ராசாத்திக்குத் திரும்பவில்லை. செத்துப்போன வாலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

சொட்டுச் சொட்டாக வழிவதைப் பார்ப்பவர்கள், “அடக்க முடியல போல” என்கிறார்கள். உண்மையில் அவளால் காலி செய்யத்தான் முடியவில்லை. பை நிரம்பித் தளும்புவதுதான் கீழே சொட்டுகிறது. தேங்கினால் கிருமி சேரும், அப்புறம் சிறுநீரகம் கெடும். ஆகவே தினமும் மூன்று வேளை யாராவது கையால் அமுக்கி எடுத்தாக வேண்டும்.

அந்த அம்மாள் மன்னார்குடிப் பக்கம் மாடு கறந்து வளர்ந்தவர். ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, மறு கையால் அடிவயிற்றைத் தடவி, எலுமிச்சம்பழ அளவில் வழுக்கும் பையைப் பிடித்து, பின்பக்கமாகச் சீராக அழுத்தினார். முதல் நாளே வந்துவிட்டது. கணவருக்குக் கைவரவில்லை. கண்ணை மூடி வெகுநேரம் தேடி, “கிடைச்சிடுச்சு!” என்றார்.

“என்னங்க, அது பை இல்ல. நேத்து தின்ன மீனு.”

மலச்சிக்கல் உள்ள பூனையிடம் இந்தக் குழப்பம் பெரிய மனிதர்களுக்கும் வரும். ராசாத்தி இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. ஜன்னலில் உட்கார்ந்த காக்காயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நன்றி தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

கைத்தொழில் வராதவர் கணக்கில் இறங்கினார். ஒரு அளவுக் குவளை, ஒரு நீள நோட்டு. ஆரோக்கியமான பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 40 மில்லி வரை. ராசாத்தி மூணரைக் கிலோ. எனவே 70-க்குக் கீழே போனால் பற்றாக்குறை. நிறத்துக்குத் தனிப் பத்தி: ‘வெளிர் மஞ்சள்’, ‘அடர் மஞ்சள்’, ‘கலங்கல்’. மகன் பெங்களூரிலிருந்து போன் செய்து, “அப்பா, சுகர் எவ்ளோ இருக்கு?” என்று கேட்டால், “காலையில முப்பத்தஞ்சு, நல்ல கலர்” என்கிறார்.

கலங்கல் என்று எழுதிய நாளில் ஆட்டோ பிடித்து வேப்பேரி. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் ஆடும் நாயும் காத்திருக்கிற வரிசையில் அவரும் நோட்டோடு நிற்பார். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்த்துத்தான் மருந்து தருவார்கள். இந்த மாதிரிப் பூனைகளுக்கு அடிக்கடி தொற்று வரும். கண்டபடி மருந்து கொடுத்தால் அடுத்த முறை அது வேலை செய்யாது.

நாற்றம் தனிக்கதை. பூனையின் முன்னோர் வறண்ட பூமிக்காரர்கள். தண்ணீரைக் கஞ்சத்தனமாகச் செலவழித்தவர்கள். மூத்திரம் அதனால் காட்டமாக இருக்கும். போதாததற்கு ஃபெலினின் என்ற அமினோ அமிலம் வேறு. அது சிதையச் சிதைய வாடை ஏறும். தமிழ்க் குடும்பத்தின் கை நேராக ஃபினாயில் பாட்டிலுக்குத்தான் போகும். போகக் கூடாது. ஃபினால் வகைகளை முறிக்கும் திறமை பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. மிதித்த பாதத்தை நக்கினாலே ஆபத்து. பிளீச்சிங் பவுடரும் ஆகாது: மூத்திரத்து அம்மோனியாவோடு சேர்ந்தால் விஷவாயு. என்சைம் கலந்த திரவம்தான் சரி, விலை மட்டும் பன்னீர் விலை. எங்கே ஊற்றுவது என்று கண்டுபிடிக்க அவர் ஒரு புற ஊதா டார்ச் வாங்கினார். விளக்கை அணைத்து அடித்தால் கறை பளிச்சென்று தெரியும். சம்பந்தி வந்தால் உட்காரும் நாற்காலியும் தெரிந்தது. அது இன்னும் அந்த வீட்டுக்குப் போகாத செய்தி.

ராத்திரிக்கு டயபர். வால் இல்லாததில் ஒரு சௌகரியம், ஓட்டை போடும் வேலை மிச்சம். ஈரத்தோடு விட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் நிறையவே செலவாகிறது. மருந்துக் கடையில் முதல் தடவை கேட்டபோது பையன் அக்கறையாக விசாரித்தான்.

“குழந்தை எவ்ளோ வெயிட் சார்?”

“மூணரைக் கிலோ.”

“பொறந்து எத்தனை நாள் ஆகுது?”

“மூணு வயசு.”

பையன் தலையைக் குனிந்துகொண்டு, கேட்காமலே பத்து சதவீதம் தள்ளுபடி போட்டான்.

கல்யாணங்களுக்கு இப்போது ஜோடியாகப் போவதில்லை. முகூர்த்தத்துக்கு அவர், வரவேற்புக்கு அந்த அம்மாள். போன தையில் பந்தியிலிருந்து அவசரமாக எழுந்தவரிடம் காரணம் கேட்டதற்கு, “வீட்டுல ஒருத்தருக்கு நேரத்துக்கு மூத்திரம் எடுக்கணும்” என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே உறவுக்காரர்கள் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, படுக்கையில் கிடக்கும் அவருடைய அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த அம்மா காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. ஒரு பாட்டில் தீர்ந்துவிட்டது. இரண்டாவதை இப்போதுதான் உடைத்திருக்கிறார்.