வாப்பாக்குப் புதுக் கிறுக்கு

எங்கள் ஊர்ப் பக்கம் ஆண்பிள்ளைக்கு வீடு கட்டத்தான் உரிமை, இருக்க உரிமையில்லை. கல்முனையில் நான் கட்டிய வீடு மகளின் கலியாணத்தோடு சீதனமாகப் போய்விட்டது. இப்போது பின்பக்கத்து அறையில் நான், மனைவி, ஒரு சாய்மனைக் கதிரை. பென்சன் எடுத்த பிறகு நானும் கதிரையும் ஒரே தளபாடம் என்றே பேரப்பிள்ளைகள் நம்பியிருந்தார்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து தந்த டொக்டர் "நடங்க" என்றார். கடைத்தெருப் பக்கம் நடந்தால் காண்கிறவனெல்லாம் தேத்தண்ணிக்கு இழுக்கிறான்; சீனி வேண்டாமென்றால் கோபிக்கிறான்.

இந்த நிலையில்தான் கட்டாரிலிருந்து லீவில் வந்த மருமகன் தன் பழைய கெமராவை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும்தான் கெமரா கொடுத்தார்கள். அவர் நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார், கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக்கினார், டென்னிசன், டார்வின் போன்ற பெரிய மனிதர்களைப் பிடித்து உட்காரவைத்துப் படமெடுத்தார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடங்கியிருக்கிறார். இவ்வளவையும் மனைவிக்கு விளக்கிவிட்டு நம் கோழிக்கூட்டைக் கேட்டேன்.

"கோழி முட்டையாவது போடுது. நீங்க என்னத்தப் போடப்போறீங்க?"

ஸ்டூடியோ இல்லாதவனுக்குக் கடற்கரைதான் கதி. கெமராக்காரர்கள் பொன்னாக மதிப்பது சூரியன் எழும்பிய பிறகு ஒரு மணித்தியாலமும், மறைய முன் ஒரு மணித்தியாலமும். அப்போது வெளிச்சம் சாய்வாக விழும்; நிழல் நீளும்; கிழவன் முகத்துச் சுருக்கம்கூட அழகாகும். வாலிபர்கள் காலை நேரம் போர்வைக்குள். சுபஹுத் தொழுதுவிட்டு, தூக்கமும் வராமல், தேத்தண்ணியும் கிடைக்காமல் அலைகிறவர்களுக்குத்தான் அது ஹலாலாகக் கிடைக்கிறது. அதிலும் எங்களுக்குக் கிழக்குக் கடல். அஸருக்குப் பிறகு சூரியன் சம்மாந்துறை வயல் பக்கம் இறங்கினால், வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து போய்த் தோணிகளின் நிறத்தை எழுப்பிக் காட்டும்.

கரைவலை இழுப்பவர்களை எடுக்கக் கிட்டப் போனேன். பின்னோக்கியே நடக்கிறார்கள், குதிகால் மணலில் புதைந்து புதைந்து எழும்புகிறது, கடைசி ஆள் நனைந்த கயிற்றை வட்டமாகச் சுருட்டி அடுக்குகிறார். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கக் கயிறு விறைத்து, நீர் சொட்டிக்கொண்டே வருகிறது. நான் குனிந்து குறிபார்க்க, ஒருவர் கேட்டார்: "காக்கா, நிவாரணமா?"

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கெமராவோடு நின்றவர் பலரின் கையில் படிவமும் இருந்தது. கேட்டவரைக் குறை சொல்ல முடியாது.

"இல்ல தம்பி, சும்மாதான்."

"சும்மா நிக்கிறண்டா கயித்தப் புடிங்க."

பிடித்தேன். அன்று நடை, தேகப்பயிற்சி, ஒரு கோர்வை மீன் மூன்றும் கிடைத்தன, படம்தான் கிடைக்கவில்லை. கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தை எடுக்கப் போன அன்றும் இதே கதை: மினாராவும் கொடியும் இருக்க வேண்டிய இடம் முழுக்க, முன்னால் நின்றவரின் தொப்பி.

ஆனாலும் விஞ்ஞானம் என் பக்கம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் பார்க் குழுவினர் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 60 முதல் 90 வயதுக்காரர்கள், மூன்று மாதம், கிழமைக்குச் சுமார் 15 மணித்தியாலம். புதிதாகப் புகைப்படக்கலை பழகியவர்களுக்கு ஞாபகசக்தி கூடியது. கூடியிருந்து பேசிப் பொழுதுபோக்கியவர்களுக்கு அந்த அளவு கூடவில்லை. பள்ளிவாசல் திண்ணையில் ஊர்க்கதை அளக்கும் எங்கள் சபைக்கு இதை வாசித்துக் காட்டினேன். சபை கலைந்தது, வேறு திண்ணையில் கூடியது.

ஜப்பானில் கிமிகோ நிஷிமோட்டோ என்ற மூதாட்டி, 72 வயதில் மகனிடம் படமெடுக்கப் பழகியவர். குப்பைப் பைக்குள் நுழைந்துகொண்டு தன்னையே படமெடுத்து உலகத்தைச் சிரிக்க வைத்தார். எனக்கும் ஆசை வந்து மனைவியிடம் ஒரு கறுத்தப் பை கேட்டேன்.

"பை என்னத்துக்கு வீணா? குப்பை லொறி வரக்குள்ள வாசல்ல நில்லுங்க, அவனுகளே ஏத்திட்டுப் போவானுகள்."

அவள் சொன்னது சொன்னதாக இருக்கட்டும். போன கிளினிக்கில் டொக்டர் சீனி இறங்கியிருக்கிறது என்றார். பென்சன்காரர்களே, சுபஹு முடிந்ததும் கல்முனைக்குடிக் கடற்கரைக்கு வாருங்கள். கெமரா இல்லையா? போன் போதும். கயிறு பிடிக்கவும் ஆள் தேவை.