உட்கார்ந்த இடத்தில் ஓட்டம்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் நெடுங்காலம் நாட்டாமை செய்துவந்தவர் 'செட்' என்ற மூன்றெழுத்துக்காரர். 1989இல் வந்த 20 தொகுதிப் பதிப்பில் அவருக்கு மட்டும் 430 பொருள், விளக்கமே ஏறத்தாழ 60,000 சொற்கள். பிறகு வந்தார் 'ரன்'. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு இதைப் பிரித்து மேய ஒன்பது மாதம் பிடித்தது. பிள்ளையே பெற்றுவிடலாம்.

நமக்கு ஒழுகுவதெல்லாம் ஆங்கிலேயனுக்கு ஓடும்: மூக்கு, குழாய், துணியின் சாயம். கம்பெனி ஓடும், நாடகம் ஓடும். கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓடும். ஓட்டுபவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். வங்கிக்கு 'ரன்' வந்தால் மட்டும் பணம் போட்டவர்கள் அதை எடுக்க நிஜமாகவே ஓடுவார்கள். காலுறையில் இழை விட்டுப்போனால் அமெரிக்காவில் அதுவும் 'ரன்'. லண்டனில் அதே கிழிசல் ஏணி.

தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார், பிரிட்டன்காரர் நிற்பார். நாமும் பிரிட்டன் வழியில் நிற்கிறோம். ஜெயித்த பிறகு சிலர் அமெரிக்க பாணிக்கு மாறிவிடுகிறார்கள், தொகுதிப் பக்கம் பார்க்க முடிவதில்லை.

பதவி போன 'செட்' சும்மா இல்லை. தமிழில் நன்றாகவே பிழைத்துக்கொண்டார்: பம்பு செட், சினிமா செட், "அவனுக்கும் எனக்கும் செட்டாகாது". பூரி செட்டுக்கு இரண்டா மூன்றா என்பதை மட்டும் கல்லாவில் கேட்டுக்கொள்வது நல்லது.