பச்சைக் குதிரையின் பிறப்புச் சான்றிதழ்

கேள்வி: பல ஆண்டுகள் காணாமல்போன கார் திடீரென்று கிடைத்தால், அது அசல்தான் என்று எப்படி நிரூபிக்கிறார்கள்? பெயின்ட் அடித்தால் எல்லாமே அசல் மாதிரிதானே?

பதில்: பெயின்டை ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஜாதகத்தை மாற்றுவதுதான் கஷ்டம்!

1968-ல் வந்த 'புல்லிட்' படத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடுகளில் ஸ்டீவ் மெக்குயின் பறக்கவிட்ட பச்சை ஃபோர்டு மஸ்டாங்கையே எடுத்துக்கொள்வோம். 1974-ல் அதை ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. 1977-ல் மெக்குயினே கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. பிறகு பல ஆண்டுகள் அது வெளியே தலைகாட்டவே இல்லை.

2018 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் அது மறுபடி தோன்றியபோது, அதன் எண்ணே முதல் சாட்சி சொன்னது: 8ஆர்02எஸ்125559. '8' என்றால் 1968-ம் ஆண்டு மாடல். 'ஆர்' என்றால் சான் ஹோசே தொழிற்சாலை. '02' ஃபாஸ்ட்பேக் உடலைக் குறிக்கும். 'எஸ்' 390 கன அங்குல எஞ்சினை. கடைசி ஆறு இலக்கங்கள் வரிசை எண். இவை ஃபோர்டின் தயாரிப்புப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

எண் தகட்டைத் திருடி வேறு காரில் பொருத்தவும் முடியுமே! அதனால்தான் தழும்புகளையும் தேடுகிறார்கள். கேமராவைப் பொருத்துவதற்காகப் படக்குழு அடிப்பகுதியில் பற்றவைத்த குழாய்கள் அப்படியே இருந்தன. மெக்குயினின் கடிதமும் கையில் இருந்தது.

உரிமையாளர்கள் புதுப்பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்காமல் விட்டது பெரும் புண்ணியம். 2020 ஜனவரியில், அதே பழைய மேனியோடு, அந்தக் கார் 37.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.