டிரம்மில் பிடிக்கும் மழை

கேள்வி: 200 லிட்டர் டிரம் ஒரு மழைக்குப் போதுமா?

பதில்: தூறலுக்குப் போதும். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 500 சதுர அடி மொட்டைமாடி ஏறக்குறைய 46 சதுர மீட்டர். ஐந்தாறு மில்லிமீட்டரிலேயே டிரம் நிறைந்துவிடும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் கொட்டுவது புதிதல்ல. ஆகவே டிரம் வாங்குமுன் யோசிக்க வேண்டியது, வழியும் தண்ணீர் எங்கே போகும் என்பதைத்தான். விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே, தண்ணீர் வரும் குழாய்க்குச் சமமான பருமனில் ஒரு வழிகுழாய் வைத்து, அதை மழைநீர்க் குழிக்குக் கொண்டுபோய் விடலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் குழி ஏற்கெனவே இருக்கிறது, தூர் வாரத்தான் ஆளில்லை.

கேள்வி: எந்த டிரம் நல்லது?

பதில்: எண்ணெய், சர்பத் போன்ற உணவுப்பொருள் வந்த நீல டிரம். பூச்சிமருந்து, அமிலம் வந்தது எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை டிரம்மில் பாசி பிடிக்கும்.

கேள்வி: முதல் மழையைப் பிடிக்கலாமா?

பதில்: கூடாது. மாடியின் புழுதி, காக்கை எச்சம், மட்கிய வேப்பிலை எல்லாம் அதில்தான் இறங்கும். தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். அதைத் தனியே ஒதுக்க எளிய வழி உண்டு. மாடிக் குழாயில் டிரம்முக்குப் பிரியும் இடத்துக்குக் கீழே, மூடி போட்ட 4 அங்குல பிவிசி குழாய் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். மூன்று மீட்டர் நீளத்தில் சுமார் 24 லிட்டர் தங்கும். 500 சதுர அடி மாடியில் விழும் முதல் அரை மில்லிமீட்டர் அதற்குள் அடங்கிவிடும். அது நிறைந்த பிறகே தண்ணீர் டிரம் பக்கம் திரும்பும். மூடியில் சிறு துளை போட்டால் அழுக்குநீர் சொட்டிச் சொட்டித் தானே காலியாகும்.

கேள்வி: தண்ணீர் திறந்து பிடிக்கும் பைப்பை எங்கே பொருத்துவது?

பதில்: அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே. கீழே வண்டல் தங்கட்டும். டேங்க் நிப்பிளுக்கு உள்ளும் புறமும் ரப்பர் வாஷர், மரையில் டெஃப்ளான் டேப். நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல். அதைத் தாங்கும் ஹாலோ பிளாக் மேடை ஆடக் கூடாது. மேடை ஒன்றரை அடி இருந்தால் பைப்பின் அடியில் வாளி வைக்கலாம்.

கேள்வி: குடிக்கலாமா?

பதில்: டிரம் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. செடிக்கும், வாசல் தெளிக்கவும், துணி துவைக்கவும் அருமையான தண்ணீர்; உப்பு இல்லாததால் சோப்பு நன்றாக நுரைக்கும்.

கேள்வி: கொசு வருமே?

பதில்: மூடாவிட்டால் கட்டாயம் வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கும் தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். டிரம் வாயையும் வழிகுழாய் முனையையும் கொசுவலையால் இறுகக் கட்ட வேண்டும். பருவம் முடிந்ததும் டிரம்மைக் காலிசெய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பது அவசியம். ஒட்டிய முட்டைகள் ஈரமில்லாமலே பல மாதம் தாங்கி, அடுத்த ஐப்பசியில் தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்.