சரபோஜியின் கண்ணாடிப் பெட்டிகளும் வெள்ளிமலைப் பிள்ளைகளும்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்து ஊரில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சுற்றுலா என்றால் தஞ்சாவூர்தான். எட்டாவது உலகத் தமிழ் மாநாடு 1995 ஜனவரியில் அங்கே நடந்து முடிந்திருந்தது. ஊரையே புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், இப்போது விட்டால் பிள்ளைகள் எப்போது பார்ப்பது என்று தமிழ் ஐயா தலைமையாசிரியரிடம் மன்றாடி அனுமதி வாங்கினார்.

பெரிய கோயிலை முடித்துக்கொண்டு அரண்மனைக்குள் போனோம். தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை அங்கே வைத்திருந்தார்கள். எங்களில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. அந்த எலும்புகளைப் பார்த்துவிட்டு வந்த கண்ணோடுதான் சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தோம். சிறிய கூடம்தான். ஆனால் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தவை எங்களை நகரவிடவில்லை. சீனாவில் குற்றவாளிகளுக்குக் கொடுத்த தண்டனைகளைக் காட்டும் வண்ணப்படங்கள் ஒரு பக்கம். பிரெஞ்சு அரசவை ஓவியர் சார்ல் லெ புரூன் வரைந்த முகங்கள் இன்னொரு பக்கம்: ஆந்தை முகத்து மனிதன், சிங்க முகத்து மனிதன், ஒட்டக முகத்து மனிதன். எந்த முகம் யாருக்குப் பொருந்தும் என்று நாங்கள் அடித்துக்கொண்டதில் கூடமே கலகலத்தது.

தமிழ் ஐயா அதட்டவில்லை. "நல்லா பாருங்கடா, அவசரமில்ல" என்று மட்டும் சொன்னார். நாங்கள் பார்த்துத் தீர்த்த பிறகு, "இதெல்லாம் யாரு வாங்கி வச்சாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தார். இரண்டாம் சரபோஜி மன்னரைப் பற்றி நான் முதன்முதலில் கேட்டது அந்தக் கூடத்தில் நின்றபடிதான். பாடப்புத்தகத்தில் அவர் ஒரு வரி. ஐயா சொன்னபோது அவர் ஓர் ஆளானார்.

சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் கேட்ட பிள்ளை. 1798இல் பட்டத்துக்கு வந்த மறுவருடமே ஆட்சி அதிகாரம் பெரும்பாலும் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போய்விட்டது. கோட்டைக்குள் மிஞ்சிய வாழ்க்கையை அவர் புத்தகத்திலும் மருத்துவத்திலும் போட்டார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் என்று ஐரோப்பிய நூல்களை ஆயிரக்கணக்கில் வரவழைத்துப் பலவற்றில் தன் கையெழுத்தை இட்டார். 1820இல் காசிக்கு யாத்திரை கிளம்பியவர் வழியெங்கும் சுவடிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. ஒவ்வொருவரின் நோய்க்கண்ணையும் ஓவியரைக் கொண்டு வண்ணத்தில் வரையவைத்து, செய்த வைத்தியத்தையும் எழுதிவைத்தார்கள். லவாய்சியே, லின்னேயஸ் போன்ற அறிவியலாளர்களின் பெயர்கள் மன்னர் வாயில் சரளமாக வருவதைக் கண்டு, 1826இல் அவரைச் சந்தித்த பிஷப் ஹீபர் வியந்து எழுதியிருக்கிறார்.

நாயக்கர் காலத்தில் தொடங்கி, மராட்டியர் காலத்தில் வளர்ந்து, இவர் கையில் பெருகிய நூலகம் இது. இவருடைய மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கும்பினியார் அரசை எடுத்துக்கொண்டார்கள். புத்தகங்கள் அரச குடும்பத்தாரிடம் தங்கின. 1918இல் அவை பொதுமக்களுக்கு ஆயின. சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளுமாக நாற்பதாயிரத்துக்கு மேல். பெரும்பகுதி வடமொழி, பிறகு தமிழ், மராட்டி, தெலுங்கு.

இப்போது நான் ஓர் ஆசிரியர். மலைமேல் வெள்ளிமலையில், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை. போன கல்வியாண்டில் பிள்ளைகளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். வெள்ளிமலையிலிருந்து விடியுமுன் கிளம்பி, கள்ளக்குறிச்சி, விருத்தாசலம், கும்பகோணம் என்று போகிற வழி. மேடும் சரிவுமாகவே நிலத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமமாகக் கிடந்த வயலைப் பார்த்து ஜன்னலை விட்டு நகரவில்லை.

நான் படிக்கும்போது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்து ஊர். 2019 நவம்பரில் அது தனி மாவட்டமானது. நான் பிள்ளையாகத் தஞ்சாவூர் போன அன்றைக்கு எங்களுக்குப் படம் பிடிக்கக் கருவி இல்லை, பார்த்ததை மனத்தில்தான் கொண்டுவந்தோம். இன்றைக்குப் பிள்ளைகளின் அப்பாக்களிடம்கூட நல்ல கைப்பேசி இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகத்தைத் திறந்தால் நூறு வருடத்துப் பழைய அச்சுப் புத்தகங்களைக் காசில்லாமல் படிக்கலாம். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் போனால் எங்கள் மலையிலும் படிக்கலாம். இது பெரிய வரம், நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எதைத் தேடுவது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே. தேடும் ஆசையை எனக்குக் கொடுத்தவன் அந்த ஆந்தை முகத்து மனிதன்தான்.

என் பிள்ளைகளும் அவன் முன்னால்தான் முதலில் கூடினார்கள். தமிழ் ஐயாவைப் போலவே நானும் காத்திருந்தேன். பிறகு ஓலைச்சுவடிகளுக்கு வந்தோம். ஓலையில் எழுத்தாணியால் கீறி, விளக்குக்கரியைத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும் என்று விளக்கினேன். பூச்சி வராமலிருக்க வசம்பு, மிளகு, கிராம்பு இவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையே வைப்பார்கள் என்றேன். காகிதத்துக்கு வேறு மை, கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சுவார்கள் என்று சொன்னதும் ஒரு பையன் குறுக்கிட்டான்.

"கடுக்காயா சார்? எங்க அம்மா மூட்டை கட்டி விக்கிறாங்களே, அதுவா?"

அதேதான் என்றேன். அதன் பிறகு பிள்ளைகள் பார்த்த விதமே மாறிப்போனது. ராஜாவின் பொருள்கள் என்று ஒதுங்கி நின்றவர்கள் பெட்டியை ஒட்டி நின்றார்கள். கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கப் போகாத குடும்பம் குறைவு. மலையிலிருந்து வியாபாரிக்குப் போகும் ஒரு காய், எழுத்தோடு சம்பந்தப்பட்டது என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. எனக்கு அந்த வயதில் யாரும் அதைச் சொல்லவில்லை.

வெளியே திண்ணையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வேறு ஊரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த பெரியவர் ஒருவர் அன்பாகத்தான் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"கள்ளக்குறிச்சிங்க."

"சாராயம் குடிச்சு செத்தாங்களே, அந்த ஊரா?"

கேட்டவர்மேல் எனக்குக் கோபமில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை மறைக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஆனால் பதில் சொல்லத் தெரியாமல் பிள்ளைகள் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பேருந்து திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதுவே நினைப்பு. சரபோஜி பிறந்த காலத்தில் தஞ்சாவூரையே போரும் முற்றுகையும் உலுக்கிக்கொண்டிருந்தன. அந்த ஊரைத் தேடி இன்றைக்கு உலகம் வருகிறதென்றால், ஒருவர் பின் ஒருவராகச் சேர்த்தும், சேர்த்ததைக் கலையாமல் காத்தும் வைத்தவர்களால்தான். எங்கள் மாவட்டத்தின் பெயரைச் சொன்னதும் ஒரு பிள்ளை நிமிர்ந்து பதில் சொல்ல, கைகாட்ட ஒரு கூடம் வேண்டும்.

வைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த உளிகளும், பாதி செதுக்கிய ஒரு சிலையும் போதும், பிள்ளைகள் மணிக்கணக்கில் நிற்பார்கள். மலையில் தேனெடுக்கும் கயிற்று ஏணி இருக்கிறது. சாமையும் தினையும் கொட்டிவைக்கும் குதிர் இருக்கிறது. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதையைச் சொல்லத் தெரிந்த பாட்டிகள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஜாகீர் காலத்து நினைவு. நாடு விடுதலை அடைந்து, ஜமீன்தாரி முறை ஒழிந்த பிறகும் கல்வராயன் மலையில் மூன்று ஜாகீர்கள் நீடித்தன. 1976இல்தான் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் வாய்ச்சொல்லை இப்போது பதிவு செய்யாவிட்டால் எப்போதும் கிடைக்காது.

பணத்துக்கு ராஜா வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த வரியில் ஓடும் நூலகத்தில் ஒரு சுவரோரம், ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு பூட்டு, எழுதத் தெரிந்த ஒருவர். இதைத்தான் கேட்கிறேன். கேட்டுக் கடிதமும் எழுதியிருக்கிறேன்.

பதில் வரும்வரை சும்மா இருக்க மனமில்லை. பள்ளி நூலக அறையில் கண்ணாடிக் கதவு வைத்த பீரோ ஒன்று இருந்தது. அதைக் காலிசெய்து ஒரு பதிவேட்டையும் திறந்தோம். வரிசை எண், பொருள், கொடுத்தவர், எதற்குப் பயன்படுகிறது, இருப்பிடம் என்று கட்டங்கள். கடுக்காய் முதலில் வந்தது. அந்தப் பையனே எழுதினான். பிறகு மண்குடுவை, பறவை விரட்டும் கவண், கூடை பின்னும் மூங்கில் பட்டை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பாட்டியிடம் மூங்கிலில் செய்த பழைய படி இருக்கிறது, அந்தப் பாட்டிக்கு அவருடைய பாட்டி கொடுத்தது என்று சொன்னாள். கொண்டுவா பார்க்கலாம் என்றேன். மறுவாரம் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"பாட்டி தர மாட்டாங்களாம் சார். தினமும் அதுலதான் சாமை அளக்குறாங்க."

பதிவேட்டில் அந்தப் படிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, இருப்பிடம் என்ற கட்டத்தில் பாட்டி வீடு என்று எழுதச் சொன்னேன்.